ஜெர்மன் பாட்காஸ்ட்: ரயிலில் கேட்டுக்கொண்டே போனால் காது பழகுமா?

ரவாங்வாசி

எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மன் படிக்கும் நம் ஆட்கள் இங்கே சிலர் இருப்பதைப் பழைய பதிவுகளில் பார்த்தேன், அதனால் இங்கேயே கேட்டுவிடுகிறேன்.

நான் வேலை செய்யும் கம்பெனியின் தலைமையகம் ஜெர்மனியில் இருக்கிறது. இயந்திரப் பராமரிப்பு என் வேலை. அவ்வப்போது அங்கிருந்து ஆட்கள் வருவார்கள், எங்களிடம் ஆங்கிலத்தில் பேசுவார்கள், மெஷினைத் திறந்ததும் தங்களுக்குள் ஜெர்மனுக்கு மாறிவிடுவார்கள். கோளாறு எங்கே, எதனால் என்ற முக்கியமான பேச்சு முழுக்க அப்போதுதான் நடக்கும். அது எனக்குப் புரிய வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம், வெளிநாடு போகும் எண்ணமெல்லாம் இல்லை.

கோலாலம்பூரில் சனிக்கிழமை வகுப்புக்குப் போகிறேன், இப்போது ஏ2 நடுவில், அதாவது ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு நிலைகளில் இரண்டாவதில். புத்தகத்தில் இருப்பதைப் படித்தால் புரிகிறது, இலக்கணப் பயிற்சியும் சமாளிக்கிறேன், எழுதச் சொன்னால் மெதுவாக எழுதிவிடுவேன். காதில் கேட்பதுதான் பிடிபடவில்லை. ரவாங்கிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை தினமும் கொமுட்டர் பயணம், போக வர நிறைய நேரம் கிடைக்கிறது, அந்த நேரத்தில் டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனத்தின் மெதுவாகப் படிக்கும் செய்தியைப் போட்டுக் கேட்கிறேன். சொல் சொல்லாகப் பிரித்து நிதானமாகத்தான் படிக்கிறார்கள். நாட்டின் பெயர், தலைவர் பெயர், எண் இதெல்லாம் காதில் விழுகிறது. ஆனால் யார் யாரை என்ன செய்தார் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

நான் கேட்க விரும்புவது இதுதான். இப்படியே தொடர்ந்து கேட்டால் ஒரு கட்டத்தில் தானாகப் புரிய ஆரம்பித்துவிடுமா, இல்லை என் நிலைக்கு வேறு ஏதாவது கேட்க வேண்டுமா? எழுத்து வடிவத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கலாமா? வகுப்பில் ஒருவர் பார்க்கவே கூடாது என்கிறார், இன்னொருவர் பார்க்காமல் கேட்டுப் பயனில்லை என்கிறார். ஆங்கிலத்தில் விளக்கம் சொல்லும் பாட்காஸ்ட் நல்லதா, முழுக்க ஜெர்மனிலேயே இருப்பது நல்லதா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பாயான்_லெப்பாஸ்

ரவாங் அண்ணே, முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்கிறேன். வராது. புரியாத ஒன்றை எவ்வளவு காலம் கேட்டாலும் அந்தச் சத்தம் பழகும், அவ்வளவுதான். ஜெர்மனின் ஏற்ற இறக்கம் காதுக்கு அந்நியமாக இல்லாமல் போகும், அது ஒரு லாபம், ஆனால் அர்த்தம் தானாக வந்து உட்காராது.

மெதுவாக இருப்பது வேறு, எளிதாக இருப்பது வேறு. அந்தச் செய்தியை டாய்ச்ச வெல்லேயே பி2, சி1 நிலைக்கு என்றுதான் போட்டிருக்கிறது. வாய் வேகத்தைக் குறைத்திருக்கிறார்களே தவிர, வாக்கியம் அசல் வானொலிச் செய்தி வாக்கியம்தான். செயப்பாட்டு வினை வரும், ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்லும்போது வரும் தனி வினை வடிவம் வரும், மூன்று நான்கு சொற்கள் ஒட்டிப்போன நீளமான பெயர்ச்சொல் வரும். இதில் பெரும்பகுதியை ஏ2 புத்தகம் தொட்டிருக்கவே தொட்டிருக்காது. உங்கள் காதில் ஒரு குறையும் இல்லை, எடுத்த பொருள்தான் உங்கள் நிலைக்கு இரண்டு படி மேலே இருக்கிறது.

உங்கள் நிலைக்கு எதைக் கேட்கலாம்? அதே டாய்ச்ச வெல்லேயில் நிக்கோஸ் வேக் என்று ஏ1-இலிருந்து பி1 வரை ஒரு கதைத் தொடர் இருக்கிறது, அது வீடியோ, ஆனால் ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் ஒலியை மட்டும் கேட்கலாம். டாப் தேமா என்பது பி1, சின்னச் சின்னக் கட்டுரை, எழுத்தும் சொற்பட்டியலும் கேள்விகளும் சேர்ந்தே வரும். ஏ2 முடிக்கும் சமயத்தில் நீங்கள் போய்ச் சேர வேண்டிய இடம் அது. ஆன்னிக் ரூபன்ஸ் என்ற பெயரில் மியூனிக்கிலிருந்து ஒரு பெண்மணி பல வருஷமாக நடத்தும் ஸ்லோ ஜெர்மன் இருக்கிறது, ஜெர்மன்காரர்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றி நிதானமாகப் பேசுவார், பேசியதை அப்படியே எழுத்தாகவும் போடுவார். ஈஸி ஜெர்மன் பாட்காஸ்டைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். நல்ல நிகழ்ச்சிதான், ஆனால் இரண்டு பேர் இயல்பான வேகத்தில் அரட்டை அடிப்பது, பி1 தாண்டிய பிறகு எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்து வடிவம் அங்கே பணம் கட்டும் உறுப்பினர்களுக்குத்தான்.

எதைக் கேட்கிறோம் என்பதை விட எப்படிக் கேட்கிறோம் என்பதுதான் பெரிய விஷயம், அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஒரு நிமிஷத் துண்டு போதும். அதற்கு மேல் எடுக்காதீர்கள். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு மூன்று தடவை கேளுங்கள். அப்புறம் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுங்கள், தப்பானாலும் சரி, தெரியாத இடத்தில் கோடு போட்டுவிட்டுப் போங்கள். அதன் பிறகுதான் எழுத்து வடிவத்தைத் திறக்க வேண்டும். பார்க்கலாமா கூடாதா என்ற சண்டைக்கு இதுதான் பதில்: முதலில் பார்க்காதீர்கள், முடிவில் கட்டாயம் பாருங்கள். உங்கள் வகுப்பில் இரண்டு பேரும் பாதிப் பாதி சரி.

எழுத்தை வைத்துச் சரிபார்க்கும்போது கோட்டை விட்ட ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் தேடுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, அந்தச் சொல்லே தெரியாது. அதற்கு மருந்து சொல்லைப் படிப்பது, காதைக் குறை சொல்லிப் பயனில்லை.

இரண்டு, சொல் நன்றாகத் தெரியும், ஆனால் அவர் உச்சரித்த விதத்தில் அடையாளம் தெரியவில்லை. பெரியவர்களாகப் படிக்கும் நமக்கு இதுதான் பெரிய தடை, ஏனென்றால் நமக்குச் சொல் முதலில் கண் வழியாக வருகிறது. புத்தகத்தில் ஹாபன் என்று இருக்கும், பேச்சில் ஹாம் என்று மூக்கோடு முடிந்துவிடும். ஐனன் என்பது வெறும் நன் ஆகிவிடும். இஸ்ட் என்பதில் கடைசி ட் இருக்காது, நிஷ்ட் என்பதிலும் இருக்காது. வகுப்பில் ஆசிரியர் நமக்காக ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிப்பார், வெளியே யாரும் அப்படிப் பேச மாட்டார்கள். அந்தத் துண்டை மட்டும் பத்துத் தடவை திருப்பிப் போட்டு, அவர் சொன்ன மாதிரியே வாயால் சொல்லிப் பாருங்கள். வாய் ஒரு சத்தத்தைச் செய்யப் பழகிவிட்டால் காது அதைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவது காரணம், எல்லாச் சொல்லும் தெரிகிறது, எல்லாம் காதிலும் விழுந்தது, ஆனாலும் வாக்கியம் கை நழுவிவிட்டது. உதாரணத்துக்கு, நாளைக்கு வேலை முடிந்ததும் உன்னை மறுபடி கூப்பிடுகிறேன் என்பதை அவர்கள் இப்படிச் சொல்வார்கள்: இஷ் ரூஃபெ டிஷ் மோர்கன் நாஹ் டேர் ஆர்பைட் நோஹ் மால் ஆன். ஆன்ரூஃபன் என்ற ஒரே வினையை இரண்டாக உடைத்து, ரூஃபெயை இரண்டாவது இடத்தில் வைத்துவிட்டு, ஆன் என்ற தலையைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டிருக்கிறார்கள். கடைசிச் சொல் வரும் வரை அது கூப்பிடுவதா, கத்துவதா, திருப்பி அழைப்பதா என்று முடிவாகாது. ஆங்கிலம் வழியாக யோசிப்பவர்கள் வினை கிடைத்துவிட்டது என்று நடுவிலேயே காதை மூடிவிடுகிறார்கள். தமிழ் பேசும் நமக்கு வினைக்காகக் கடைசி வரை காத்திருப்பது பிறந்ததிலிருந்து உள்ள பழக்கம். வைல் (ஏனென்றால்), டாஸ் (என்று) போன்ற சொற்களில் தொடங்கும் துணைவாக்கியங்களில் வினை முழுசாகவே கடைசிக்குப் போய்விடும், அது கிட்டத்தட்ட நம் வரிசை. ஜெர்மன் கேட்கும்போது ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காமல் தமிழில் பின்தொடர்ந்து பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

கடைசியாக ரயில் விஷயம். வீட்டில் மேசையில் உட்கார்ந்து பிரித்து மேய்ந்த துண்டுகளை ரயிலில் கேளுங்கள். புதுசு வீட்டில், பழசு ரயிலில். கேஎல் சென்ட்ரல் வரும்வரை ஒரே பத்து நிமிஷத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாலும் தப்பில்லை, ஒவ்வொரு தடவையும் முன்னே கேட்காத ஏதோ ஒன்று கேட்கும்.

ஃபெடரல்_ஹைவே

பாயான் லெப்பாஸ் தங்கச்சி சொன்னது நல்ல முறைதான், ஆனால் எல்லாருக்கும் மேசை நேரம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். மகள் அங்கே படிக்கப் போனதால் ஆரம்பித்தேன். கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்குக் கார் ஓட்டிப் போகிறேன், ஜாமில் நிற்கும் நேரம்தான் என் படிப்பு நேரம், வீட்டுக்கு வந்தால் உடம்பு ஒத்துழைப்பதில்லை. ஸ்டீயரிங் பிடித்த கையால் நோட்டில் எழுத முடியாது.

அப்படிப்பட்டவர்களுக்கு ஆங்கில விளக்கத்தோடு வரும் நிகழ்ச்சிகளை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். காஃபி பிரேக் ஜெர்மன் என்று ஸ்காட்லாந்திலிருந்து வருவது ஒன்று. சொல்லித் தருபவர் ஜெர்மன்காரர், கூட உட்கார்ந்து கற்பவர் ஸ்காட்லாந்துக்காரர், நமக்கு வரும் சந்தேகத்தை அவரே கேட்டுவிடுவார். அடிப்படையிலிருந்து படிப்படியாகப் போகும், ஒன்றைச் சொல்லிவிட்டு நாம் திருப்பிச் சொல்ல இடைவெளி விடுவார்கள். காரில் தனியாக இருப்பதால் நான் வாய் விட்டுச் சொல்கிறேன், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கொமுட்டரில் உங்களுக்கு அந்த வசதி இல்லை, அது உண்மை.

இன்னொன்று, டாய்ச்ச வெல்லேயும், ஜெர்மன் சொல்லிக் கொடுத்துத் தேர்வும் நடத்தும் கோதே நிலையமும் சேர்ந்து செய்த பழைய வானொலிப் பாடம், டாய்ச் வாரும் நிஷ்ட் என்று பெயர், நான்கு தொடர், தொடருக்கு 26 பாடம், மொத்தம் 104. ஹோட்டலில் வரவேற்பு வேலை பார்க்கும் ஒரு மாணவன், அவனோடு கண்ணுக்குத் தெரியாத ஒரு பெண், அவள் ஓயாமல் குறுக்கே பேசிக்கொண்டிருப்பாள். கதை பழசு, பேசும் விஷயம் பழசு, ஆனால் காதுக்கென்றே எழுதப்பட்ட பாடம் என்பதால் காட்சியை மனதில் காட்டும், திரையைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசை வரும், அந்த ஆசைதான் அடுத்த நாளும் போட வைக்கிறது. செய்தியில் எனக்கு அது வருவதில்லை.

அப்புறம், கேட்டே மொழி வராது என்பதை நான் முழுசாக ஏற்க மாட்டேன். நாமெல்லாம் மலாய் மொழியை எப்படிக் கற்றோம்? பள்ளிக்கூடம் போவதற்கு முன்னாலேயே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடியே பாதி வந்துவிட்டது, யாரும் எழுத்து வடிவம் கையில் கொடுக்கவில்லை.

பாயான்_லெப்பாஸ்

ஹைவே அண்ணே, காரில் ஓட்டுபவர்களுக்கு நீங்கள் சொன்னது சரிதான், வானொலிப் பாடம் நல்ல யோசனை. மலாய் விஷயத்தில் மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை எதிரில் நின்றது, பந்தைக் கையால் காட்டிப் பேசியது, நமக்குப் புரியாவிட்டால் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டு வேறு மாதிரி சொன்னது, நாம் தப்பாகச் சொன்னால் சிரித்துத் திருத்தியது. ஒலிப்பதிவு இதில் ஒன்றையும் செய்யாது. அந்தப் பிள்ளை செய்த வேலை எல்லாவற்றையும் இங்கே நாமே செய்தாக வேண்டும், நிறுத்துவது, திருப்புவது, எழுத்தைப் பார்ப்பது எல்லாம் அதற்காகத்தான்.

ஆங்கில விளக்கம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. அரை மணி நேர நிகழ்ச்சியில் எத்தனை நிமிஷம் ஜெர்மன் காதில் விழுகிறது என்று கவனித்துப் பாருங்கள். ஏ1-இல் அது பரவாயில்லை. ரவாங் அண்ணன் ஏ2 நடுவில் இருக்கிறார், விளக்கம் புத்தகத்திலேயே கிடைக்கிறது, அவருக்கு வேண்டியது ஜெர்மன் சத்தம்.

செவிலி_பட்டர்வொர்த்

நான் தேர்வுக்காகப் படிப்பவள். ஜெர்மனியில் செவிலியராக வேலை செய்யப் பெரும்பாலும் பி2 கேட்கிறார்கள், அதற்கு முன்படியாக பி1 முடித்தேன். பினாங்கில் மலேசிய ஜெர்மன் சங்கத்தில் வகுப்பு நடக்கிறது, கோலாலம்பூரில் கோதே நிலையம் இருக்கிறது, இந்தப் பக்கம் இருப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று சொல்கிறேன்.

ரவாங் அண்ணனுக்குத் தேர்வு முக்கியமில்லை என்று புரிகிறது, ஆனாலும் இதைப் படிக்கும் வேறு சிலருக்கு உதவும். பாட்காஸ்ட் கேட்டு நல்ல காது வந்தவர்களும் கேட்டல் தேர்வில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். காரணம், பாட்காஸ்டை நாம் எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிப் போடுவோம். கோதே பி1 கேட்டல் சுமார் 40 நிமிஷம், நான்கு பகுதி. முதல் பகுதியும் நான்காவது பகுதியும் இரண்டு தடவை ஒலிக்கும், நடுவில் இருக்கும் இரண்டும் ஒரே தடவைதான். அந்த ஒரு தடவையில் கேள்வியைப் படிக்கவும் வேண்டும், கேட்கவும் வேண்டும், குறிக்கவும் வேண்டும். ஒரு சொல் புரியவில்லை என்று அங்கேயே மனசு நின்றுவிட்டால் அடுத்த இரண்டு கேள்வி போய்விடும். விட்டுவிட்டு மேலே போவதும் ஒரு பயிற்சி, அதைத் தனியாகச் செய்ய வேண்டும். கோதே நிலையத்தின் இணையதளத்தில் மாதிரித் தேர்வு ஒலியோடு இலவசமாக இருக்கிறது. அதை வைத்து, நிறுத்தாமல், உண்மையான தேர்வு மாதிரியே செய்யுங்கள்.

பி1-இல் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் நான்கும் தனித்தனி, ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி, தவறியதை மட்டும் மறுபடி எழுதலாம். கேட்டலில் பயம் இருப்பவர்கள் இதை நினைத்துக் கொஞ்சம் நிம்மதியாக இருக்கலாம்.

உச்சரிப்பு பற்றியும் ஒன்று. இந்த பி1 தேர்வை கோதே நிலையத்தோடு ஆஸ்திரிய அமைப்பும் சுவிட்சர்லாந்தின் ஃப்ரைபோர்க் பல்கலைக்கழகமும் சேர்ந்துதான் உருவாக்கின. அதனால் ஆஸ்திரிய, சுவிஸ் வாடை உள்ள குரல்களும் வரும். ஒரே ஒரு பாட்காஸ்டர் குரலுக்கு மட்டும் காதைப் பழக்கி வைக்காதீர்கள். ஆண் குரல், பெண் குரல், வயசானவர், அவசரக்காரர் என்று மாற்றி மாற்றிக் கேளுங்கள்.

எளிமையான செய்தி வேண்டும் என்றால் மெதுவான செய்தியைத் தேடாமல், எளிய மொழிச் செய்தியைத் தேடுங்கள். டாய்ச்லாண்ட்ஃபுங்க் வானொலி நாஹ்ரிஷ்டன்லைஷ்ட் என்று ஒன்று போடுகிறது. டாகஸ்ஷாவ் என்ற ஜெர்மன் தொலைக்காட்சிச் செய்தி 2024 ஜூன் முதல் வார நாட்களில் எளிய மொழிப் பதிப்பு தருகிறது. இரண்டிலும் வாக்கியம் சின்னது, கடினமான சொல் வந்தால் அங்கேயே விளக்குவார்கள். அங்கே இருக்கும் பெரியவர்களுக்காகச் செய்யப்பட்டது என்பதால் குழந்தைப் பாடம் மாதிரி இருக்காது, நாற்பது வயதுக்காரருக்கு மரியாதையாக இருக்கும்.

ரவாங்வாசி

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. டாப் தேமாவில் ஒரு நிமிஷத் துண்டு எடுத்து எழுதிப் பார்த்தேன். தங்கச்சி சொன்ன இரண்டாவது காரணம்தான் எனக்கு அதிகம், எழுத்தைத் திறந்து பார்த்தால் பாதிச் சொல் தெரிந்த சொல்லாகவே இருக்கிறது.

இன்னும் இரண்டு கேள்வி. எழுத்து வடிவம் இல்லாத நிகழ்ச்சிக்கு ஃபோனே எழுத்து எடுத்துத் தருகிறதே, அதை நம்பலாமா? வேகத்தைக் குறைத்துக் கேட்பது நல்லதா? அப்புறம், இதெல்லாம் பொதுவான ஜெர்மன். மெஷின் பேச்சுக்கு என்ன செய்வது என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

பாயான்_லெப்பாஸ்

ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் 2024 மார்ச் முதல் தானாக எழுத்து தருகிறது, ஆரம்பத்தில் வந்த மொழிகளிலேயே ஜெர்மனும் ஒன்று. ஒலியோடு சேர்ந்து வரி நகரும், ஒரு சொல்லைத் தேடி அங்கேயே போகலாம், ரொம்ப வசதி. ஆனால் அது விழுங்கிய சத்தத்தையும் முழுச் சொல்லாகவே எழுதிவிடும், ஆள் பெயரிலும் ஊர்ப் பெயரிலும் தப்பும் வரும். அதனால் அர்த்தம் தெரிந்துகொள்ள அதை நம்பலாம், உச்சரிப்பு எப்படி என்பதற்கு உங்கள் காதைத்தான் நம்ப வேண்டும்.

வேகத்தைக் குறைப்பதில் எனக்கு அவ்வளவு விருப்பமில்லை. முக்கால் வேகத்தில் போட்டால் சத்தம் நீளும், விழுங்கப்பட்ட எழுத்து திரும்பி வராது. இல்லாத ட் எவ்வளவு மெதுவாகப் போட்டாலும் இல்லாததுதான். ஒரு இடம் சிக்கினால் அந்த இடத்துக்கு மட்டும் குறைத்துக் கேட்டுவிட்டு உடனே பழைய வேகத்துக்கு வந்துவிடுங்கள்.

கூலிம்_நைட்_ஷிப்ட்

அண்ணே, கூலிமில் தொழிற்சாலையில் இருக்கிறேன், உங்களைப் போலவே ஜெர்மன் ஆட்கள் பக்கத்தில் நின்று வேலை செய்பவன். மெஷின் பேச்சுக்கு எந்தப் பாட்காஸ்டும் நேராக உதவாது, அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் நேரம் மிச்சம். அங்கே அவர்கள் பேசுவது முழு வாக்கியமே இல்லை. பாதிச் சொல், ஒரு எண், கையால் காட்டுவது, அவ்வளவுதான். பெரும்பாலும் தெற்கிலிருந்து வருபவர்களாக இருப்பார்கள், நிஷ்ட் என்று பாடத்தில் படித்ததை நெட் என்பார்கள். கேட்டதும் இது ஆங்கிலச் சொல்லா என்று குழப்பம் வரும்.

எண்தான் முதல் வேலை. நாம் முப்பத்தேழு என்கிறோம், அவர்கள் ஏழும் முப்பதும் என்று ஒற்றை இலக்கத்தை முன்னால் சொல்வார்கள். உதிரிப்பாக எண்ணை இரண்டிரண்டு இலக்கமாகப் படித்தால் எழுதும் கை தானாக மாற்றி எழுதிவிடும், 37 கேட்க வேண்டிய இடத்தில் 73 வந்து நிற்கும். தசமப் புள்ளியை அவர்கள் கோம்மா என்று படிப்பார்கள், எழுதுவதும் கமாவில்தான். மூன்றரை மில்லிமீட்டர் என்றால் ட்ரை கோம்மா ஃபுன்ஃப், அதாவது மூன்று கமா ஐந்து. ஃபோனில் பேசும்போது இரண்டை ஸ்வை என்பதற்குப் பதிலாக ஸ்வோ என்பார்கள், மூன்று என்னும் ட்ரையோடு காதில் குழம்பாமல் இருக்க. இரண்டும் ஒரே இரண்டுதான்.

நேரம் இன்னும் முக்கியம். ஹால்ப் ஆஹ்ட் என்றால் 7.30. எட்டு என்ற சொல்லும் பாதி என்ற சொல்லும் காதில் விழுவதால் நம் ஆட்கள் 8.30 என்று நினைத்துவிடுவார்கள். எட்டை நோக்கிப் பாதி தூரம் வந்தாயிற்று என்பது அவர்கள் கணக்கு. ஷிப்ட் மாறும் நேரத்தில் மெஷினை எப்போது நிறுத்துவது என்று பேசும்போது இது தெரிந்திருக்க வேண்டும்.

நான் செய்வது என்னவென்றால், நல்லாப் பழகிய ஒரு ஜெர்மன் ஆளிடம் கேட்டு, மெஷினைத் திறக்கும் முறையை அவர் தன் ஊர்க்காரருக்குச் சொல்வது போலவே ஒரு வாய்ஸ் மெசேஜாக அனுப்பச் சொல்வேன். இரண்டு மூன்று நிமிஷம் போதும். மறுக்க மாட்டார்கள், ஒருத்தர் தங்கள் மொழியைப் படிக்கிறார் என்றால் அவர்களுக்கு மகிழ்ச்சிதான். அதை வைத்து பாயான் லெப்பாஸ் அக்கா மேலே சொன்ன முறையிலேயே உட்கார்ந்து எழுதி, தெரியாத இடத்துக்கு அவரிடமே விளக்கம் கேட்டுக்கொள்வேன். உங்கள் மெஷின், உங்கள் கம்பெனிச் சொற்கள், நாளைக்கு எதிரில் நின்று பேசப்போகும் அதே குரல். வேலைக்காகக் கேட்பதில் இதை விட நல்ல ஒலிப்பதிவு எனக்குத் தெரியாது. கம்பெனி ரகசியம் எதுவும் அதில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், அதற்காகப் பொதுவான ஒரு பகுதியைப் பற்றிப் பேசச் சொல்லலாம், பம்ப், வால்வு மாதிரி.

ரவாங்வாசி

தம்பி, வாய்ஸ் மெசேஜ் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை, அடுத்த முறை வருபவரிடம் கட்டாயம் கேட்கிறேன். எண்ணுக்கு மட்டும் தனியாகப் பயிற்சி செய்ய வழி இருக்கிறதா? அவர் வரும்வரை காத்திருக்க வேண்டாமே என்று பார்க்கிறேன்.

கூலிம்_நைட்_ஷிப்ட்

இருக்கிறது அண்ணே. உதிரிப்பாகப் பட்டியலை எடுத்து, எண்களை நாலைந்து வரி கூகுள் டிரான்ஸ்லேட்டில் ஜெர்மன் பக்கம் தட்டச்சு செய்து, ஒலிபெருக்கிக் குறியை அழுத்துங்கள், படித்துக் காட்டும். பெரிய எண்ணை இரண்டிரண்டு இலக்கமாக இடைவெளி விட்டுத் தட்டுங்கள், அவர்கள் படிப்பதும் பெரும்பாலும் அப்படித்தான். திரையைப் பார்க்காமல் தாளில் எழுதிவிட்டுப் பட்டியலோடு ஒத்துப் பாருங்கள். கொமுட்டரில் இயர்ஃபோன் போட்டு இதைச் செய்யலாம், சின்ன நோட்டு ஒன்று மடியில் இருந்தால் போதும். வீட்டில் யாரையாவது தட்டச்சு செய்து வைக்கச் சொன்னால் இன்னும் நல்லது, என்ன எண் வரப்போகிறது என்று உங்களுக்கு முன்னாலேயே தெரியாது.